ஆறு பரப்பு ஒன்பது குளி

வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணியொன்றின் எல்லையை மீள நிறுவும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, என் மேசையில் மூன்று பொருள்கள் வைக்கப்பட்டன: 1958ஆம் ஆண்டில் வரையப்பட்ட நில அளவைப் படமொன்றின் நிழற்பிரதி, காணி உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதி, களத் தரவுகள் அடங்கிய ஒரு பென்டிரைவ். யாழ்ப்பாணத்தில் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் நான் தரவு செயலாக்கும் தொழில்நுட்பவியலாளராக இருக்கிறேன். வெயிலில் டோட்டல் ஸ்டேஷனை, அதாவது கோணமும் தூரமும் அளக்கும் கருவியை, தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் வேறு. அவர்கள் கொண்டுவரும் எண்களைச் சரிபார்த்து, கணித்து, கையொப்பமிடத் தகுந்த படமாக ஆக்குவது என் பொறுப்பு. இந்த ஒரு காணிக்கு எனக்கு ஒன்பது வேலைநாட்கள் பிடித்தன. வழக்கமாக இரண்டு நாட்களில் முடிகிற வேலை இது.

1990இல் மக்கள் வெளியேறிய பின்னர் அந்தக் காணி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. கதியால் வேலி இல்லை, வீடு இல்லை, ஒழுங்கைகூடச் சில இடங்களில் அழிந்துபோயிருந்தது. உறுதியில் "கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்று எழுதப்பட்டிருந்த பங்குக் கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியிருந்தார்கள். இவ்வாறான இடத்தில் பழைய படத்தை நிலத்தின் மேல் பொருத்துவதற்கு, படத்திலும் நிலத்திலும் ஒருங்கே இருக்கிற புள்ளிகள் வேண்டும். இரண்டு புள்ளிகள் இருந்தால் பொருத்திவிடலாம். ஆனால் பொருத்தியது சரியா என்று சொல்ல மூன்றாவது புள்ளி இல்லாமல் முடியாது. எங்களுக்குக் கிடைத்தவை வடமேற்கு மூலையில் மண்ணுக்குள் புதைந்திருந்த எல்லைக் கல், படலைத் தூண் ஒன்றின் அடித்தளம், பிறகு அந்தக் கிணறு.

முதலில் ஆள்கூறுகள், அதாவது ஒரு புள்ளி நிலத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்கள். பனங்கூடலுக்குள் செய்மதிச் சமிக்ஞை ஓலைகளில் பட்டுச் சிதறும் என்பதால், கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இரண்டையும் வெளியான இடத்தில் ஜி.பி.எஸ். கருவியால் எடுத்துவிட்டு, காணியை டோட்டல் ஸ்டேஷனால் அளந்திருந்தார்கள். கோப்பைத் திறந்தவுடன் கிழக்குப் பெறுமானம் 1 இலட்சத்து 20 ஆயிரம் அளவிலும், வடக்குப் பெறுமானம் 5 இலட்சத்து 10 ஆயிரம் அளவிலும் இருந்ததைக் கண்டேன். கருவியில் கந்தவல எனப்படும் பழைய ஆள்கூற்று முறை தெரிவாகியிருந்தது என்பது அதிலிருந்தே தெரிந்தது. அந்த முறையில் பிதுருதாலகால மலையை ஒட்டிய தொடக்கப் புள்ளிக்கு 200,000 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நாங்கள் பயன்படுத்தும் 1999ஆம் ஆண்டின் எஸ்.எல்.டி. 99 முறையில் அது 500,000. ஆகவே இரண்டு எண்களோடும் 300,000ஐக் கூட்டினால் முடிந்தது என்று புதிதாகச் சேருபவர்கள் நினைப்பார்கள். நானும் முதல் ஆண்டில் அப்படிச் செய்து திட்டு வாங்கியவள்தான். வலையமைப்பே மீள அளந்து சரிசெய்யப்பட்டது என்பதால், வெறும் கூட்டலில் புள்ளி உரிய இடத்துக்கு வந்து சேராது. மூலச் செய்மதித் தரவை எடுத்து முதலிலிருந்து கணிப்பதே வழி; அதற்கு ஒரு நாள் போனது.

அந்தத் தரவில் உயரங்கள் யாவும் ஏறத்தாழ மறை 90 மீற்றர் என்று இருந்தன. பயிற்சிக்கு வந்திருந்த தம்பி கோப்புப் பழுதாகிவிட்டது என்று பதறினார். ஜி.பி.எஸ். கருவி உயரத்தைக் கணிப்பது கடல் மட்டத்திலிருந்து அன்று, கணித முறையில் வகுத்த, சற்றே தட்டையான ஒரு கோளப் பரப்பிலிருந்து. இலங்கையைச் சுற்றிய கடல் மட்டம் அந்தப் பரப்பிலும் பார்க்க மிகத் தாழ்வாகக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் நேர்ப் பெறுமானம் வந்திருந்தால்தான் நான் பதறியிருப்பேன்.

அடுத்தது டிராவர்ஸ்: நிலையம் நிலையமாக அளந்துகொண்டு போய்த் தொடங்கிய இடத்திலேயே வந்து மூடும் சுற்று. ஐந்து நிலையங்கள், மொத்தச் சுற்று 310 மீற்றர், மூடும்போது வந்த பிழை 26 மில்லிமீற்றர். அதாவது பன்னிரண்டாயிரத்தில் ஒன்று. குறை சொல்ல முடியாத விகிதம். பிழையைப் பக்கங்களின் நீளத்துக்கேற்பப் பகிர்ந்துவிடும் பொத்தானை அழுத்தி, அறிக்கையை அச்சிட்டு, சேரின், அதாவது எங்கள் நில அளவையாளரின், மேசையில் வைத்தேன். அவர் விகிதத்தைப் பார்க்கவே இல்லை. "போன தூரமும் வந்த தூரமும் ஒண்டாக் கிடக்கோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றாகக் கிடக்கவில்லை. முதலிரண்டு பக்கங்களில் முன்னோக்கி அளந்ததும் பின்னோக்கி அளந்ததும் ஓரிரு மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போயின. மூன்றாம் நிலையத்திலிருந்து பிந்திய மூன்று பக்கங்களிலும் முன்னோக்கிய தூரம் 30 மில்லிமீற்றர் வேறுபட்டிருந்தது. களத்தில் விசாரித்தபோது, கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்ப முன்னால் வைக்கும் பிரிஸத்தின் தாங்கி உடைந்ததால் இடையில் வேறு பிரிஸத்தை மாட்டியதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வகைப் பிரிஸத்துக்கும் கருவியில் கொடுக்க வேண்டிய மாறிலி, அதாவது தூரத்தைத் திருத்தும் எண், வேறு. பிரிஸத்தை மாற்றியவர் மாறிலியை மாற்றவில்லை. மென்பொருள் போனதையும் வந்ததையும் சராசரியாக்கி, 30ஐப் 15 ஆக்கி, பக்கங்கள் வெவ்வேறு திசையில் திரும்பியதால் இன்னும் சிறிதாக்கி, மிச்சத்தை எல்லா நிலையங்களுக்கும் பங்கிட்டு, அழகான ஓர் அறிக்கையை எனக்குத் தந்திருந்தது. மாறிலியைத் திருத்தியபின் மூடும் பிழை 7 மில்லிமீற்றராகக் குறைந்தது. அன்று முதல் பிழைப் பகிர்வுப் பொத்தானுக்கு முன்னர் போன தூரம், வந்த தூரம் அட்டவணையை நான் தனியே அச்சிட்டுக்கொள்கிறேன்.

இங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வளைந்த பூமியைத் தட்டையான படமாக்கும்போது நீளங்கள் சற்று மாறும். எஸ்.எல்.டி. 99இன் நடுவில் வடக்குத் தெற்காகப் போகும் நடு நெடுங்கோட்டுக்கு அருகில், மலையகப் பக்கத்தில், நிலத்தில் அளந்த 1 கிலோமீற்றர் படத்தில் 7 சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்து விழும். நாங்கள் அந்தக் கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தள்ளி, கடல் மட்டத்தோடு ஒட்டிய தரையில் இருப்பதால், அந்த வேறுபாடு 1 சென்ரிமீற்றரைக்கூட எட்டாது. ஆகையால் நிலத்திலே நாடா பிடித்துப் பார்க்கும் காணிக்காரருக்கு எங்கள் படத்தின் நீளத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை.

கிணற்றை வெளியே கொண்டுவர இரண்டு நாட்கள் மண் அள்ளினார்கள். கட்டின் விளிம்பு தெரிந்தவுடன் அதன் நடுவில் யாரும் கோல் பிடிக்க முடியாதாகையால், விளிம்பின் உட்பக்கத்தில் ஐந்து இடங்களில் அளந்து அனுப்பச் சொன்னேன். ஐந்து புள்ளிகளுக்கும் பொருந்தும் வட்டத்தைக் கணித்தபோது விட்டம் 12 அடியாக வந்தது. பழைய படத்திலும் 12 அடி என்றே எழுதியிருந்தது. மேசையில் இருந்தபடியே வாய்விட்டுச் சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பழைய படம் ஓர் அங்குலத்துக்கு ஒரு சங்கிலி என்ற அளவில் வரையப்பட்டது. நிழற்பிரதியின் மேல் அளவுகோல் வைத்து எதையும் எடுக்கக் கூடாது, தாள் சுருங்கியிருக்கும். எழுதியிருக்கும் எண்களைத்தான் நம்ப வேண்டும். ஒரு சங்கிலி 66 அடி, 100 லிங்க், மீற்றரில் 20.1168. கல்லிலிருந்து கிணற்று நடுவுக்குப் படத்தில் 271 லிங்க், அதாவது 54.52 மீற்றர், நிலத்தில் 54.61. ஒன்பது சென்ரிமீற்றர் கூடுதல். இந்த இடத்தில் கிணற்றை மட்டும் நம்பி கல்லை இழுக்கலாம், அல்லது கல்லை நம்பி கிணற்றைத் தள்ளலாம், இரண்டும் பிழை. படலைத் தூணுக்கான தூரத்தையும் பார்த்தேன். அங்கும் ஏறக்குறைய அதே விகிதத்தில், 1.0017 அளவில், நிலம் கூடுதலாக இருந்தது. சங்கிலி பாவிக்கப் பாவிக்க அதன் வளையங்கள் தேய்ந்து நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் எண் குறைவாக விழும். 66 அடியில் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலாக நீண்டிருந்தால் இந்த விகிதம் கிடைக்கும். மூன்று புள்ளிகளும் ஒரே கதையைச் சொன்னதால், படம் முழுவதையும் அந்த விகிதத்தால் பெருக்கி, திருப்பிப் பொருத்தினேன். எந்தப் புள்ளியிலும் மிச்சப் பிழை 3 சென்ரிமீற்றரைத் தாண்டவில்லை. அந்தப் பழைய நில அளவையாளரின் கோணங்கள் அவ்வளவு சுத்தம்.

பரப்பளவு 0.1647 ஹெக்டேயர் என்று வந்தது. காணிக்கார ஐயா அந்த எண்ணைக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு முறை வாசித்துவிட்டு, "இது எத்தினை பரப்பு வருது பிள்ளை?" என்றார். வரகுப் பரப்பு என்றால் ஓர் ஏக்கருக்கு 16, நெற்பரப்பு என்றால் 24. உறுதியில் எது என்று பாராமல் மாற்றுகிறவர்கள் குடும்பத்துக்குள் சண்டை மூட்டியதை நான் கண்டிருக்கிறேன். இவருடைய உறுதியில் வரகு என்று தெளிவாகவே இருந்தது: ஆறு பரப்பு ஒன்பது குளி. 18 குளி ஒரு பரப்பு என்ற கணக்கில் எங்கள் அளவு ஆறு பரப்பு ஒன்பதேகால் குளியாக அமைந்தது. "கால் குளி கூடிப்போச்சே" என்று அவர் கவலைப்பட்டது, அயலவர் ஏதும் நினைத்துவிடுவாரோ என்பதற்காக.

அயலவரின் மதில்தான் கடைசிச் சிக்கல். மீளக்குடியமர்ந்தவுடன் கிழக்குப் பக்கத்தில் அவர் குத்துமதிப்பாகக் கட்டிய மதில், நாங்கள் கணித்த கோட்டுக்கு 38 சென்ரிமீற்றர் உள்ளே, ஐயாவின் பக்கமாக, அந்த எல்லையின் முழு நீளத்துக்கும் நின்றது. குளிக் கணக்கில் ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. கோட்டை நகர்த்தவும் மதிலை மறைக்கவும் எனக்கு அதிகாரமில்லை; எல்லைக் கோட்டை முழுக்கோடாகவும், மதிலை வேறு நிறத்தில் அதன் தடிப்போடும் வரைந்து, இடைவெளியை மூன்று இடங்களில் சென்ரிமீற்றரில் எழுதினேன். சேர் படத்தை இரு வீட்டாருக்கும் ஒரே நாளில் காட்டினார். அயலவர் மதிலை இடிக்க முடியாது, ஆனால் அந்தத் துண்டுக்குரிய காசைத் தருகிறேன் என்றாராம். ஐயா காசு வேண்டாம், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும் செலவில் பாதியைத் தந்தால் போதும் என்றிருக்கிறார். எழுத்தில் வரும்வரை படத்தில் எதையும் மாற்ற வேண்டாம் என்று சேர் சொல்லியிருப்பதால், அந்த 38 சென்ரிமீற்றர் இன்னமும் சிவப்பு நிறத்திலேயே என் கோப்பில் இருக்கிறது.