முதல் பட்டியலில் புலியும் சங்கும்

முதுமலையில் இருந்தவரை என் வேலை முழுக்கப் புலியைச் சுற்றித்தான். ரோந்தில் கால்தடம், எச்சம், மரத்தில் நகக்கீறல், எதையும் விடமாட்டோம். கேமராவில் விழுந்த படத்தில் விலா வரிகளைப் பார்த்தே எந்தப் புலி என்று பிரித்துவிடலாம். ஒன்றின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்கக் கணக்கெடுப்பு வேறு. 2022 கணக்குப்படி குறைந்தது 3,167 புலிகள்.

அப்புறம் மண்டபத்துக்கு மாற்றல். மன்னார் வளைகுடாத் தீவுகளில் படகு ரோந்து. பறிமுதல் செய்து வைத்திருந்த கொம்பு ஹெல்மெட் சங்கை, அதாவது ஒரு பெரிய கடல் நத்தையின் ஓட்டை, அங்கேதான் முதலில் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய கனம். மேலே மழுங்கிய கொம்புகள். திருப்பினால் வாய்ப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பளபளப்பு, உதட்டோரம் பல் வரிசை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் பட்டியலில் 2001இல் இதையும் சேர்த்தார்கள்.

சேர்த்தது சரிதான். இதுவும் வேட்டையாடிதான். பகலில் மணலில் புதைந்து கிடக்கும், இரவில் கிளம்பும். உடம்பெல்லாம் முள்ளோடு உருண்டையாக இருக்கும் கடல் முள்ளெலி மேல் ஏறி அமுக்கி, அமிலம் சுரந்து, அரம் போன்ற நாக்கால் ஓட்டில் துளை போட்டு உள்ளே இருப்பதைத் தின்னும். புலிக்கு எல்லாம் சில நொடிப் பாய்ச்சல். தப்பிய மானை வெகுதூரம் துரத்தாது. சங்குக்கு அந்த அவசரமே இல்லை. ஆனால் மான் கூட்டத்துக்குப் புலி எப்படியோ, முள்ளெலிக்கு இது அப்படி. முள்ளெலி அளவு மீறிப் பெருகினால் பவளப்பாறையை அரித்துவிடும்.

செத்த பிறகுதான் பெரிய வித்தியாசம். புலி இறந்தால் பிரேதப் பரிசோதனை முடித்து, ஒரு நகம்கூட வெளியே போகாதபடி எரித்துவிடுவோம். சங்கைக் கொல்வதே அந்த ஓட்டுக்காக. யாரோ வீட்டு அலமாரியில் ஆண்டுக்கணக்கில் அழகாக உட்கார்ந்திருக்கும். கேட்டால் “கரையில ஒதுங்கிக் கிடந்துச்சு சார்” என்பார்கள். அலையில் உருண்டு ஒதுங்கிய ஓடு வெளிறி, உரசி, துளை விழுந்து இருக்கும். ஆரஞ்சுப் பளபளப்பு குலையாமல் இருந்தால் உயிரோடு எடுத்தது என்றுதான் நான் சந்தேகப்படுவேன். கரையில் கிடந்ததே ஆனாலும் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

புலியைப்போல இதையும் எண்ண வேண்டும் என்பது என் ஆசை. முதுமலையில் எங்களுக்குத் தடம் காட்டியவர்கள் அந்தக் காட்டிலேயே பிறந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள். இங்கே சங்கு குளிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், எது கிடக்கும், எது முன்பு கிடந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கணக்கை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.