வேப்பம்பூ ஸ்லைடில் ஒரு முள் உருண்டை

மாடியில் வைத்திருக்கும் தேன்பெட்டியில் போன சித்திரையில் முதல் தேன் எடுத்தோம். எந்தப் பூவின் தேன் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். 10 கிராம் தேனை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அடியில் தங்கியதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். விதவிதமாக மகரந்த மணிகள். ஒன்றுக்கும் பெயர் தெரியவில்லை. சரி, தெருவில் பூப்பதன் மகரந்தத்தையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க நாமே படம் பிடித்து வைப்போம் என்று இறங்கியதில் இதுவரை 41 பூ சேர்ந்திருக்கிறது.

மகரந்தப்பையை ஸ்லைடில் உதிர்த்து ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் எண்ணெய்ப்பசை வளையமாக ஓரத்தில் ஒதுங்கும். அதைத் துடைத்துவிட்டு, ஃபுக்சின் சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லியை அரிசி அளவுக்கு வைத்து, லேசாகச் சூடு காட்டி, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் குமிழி வந்துவிடும். முதல் பத்தில் ஆறு அப்படித்தான் குப்பைக்குப் போனது.

செம்பருத்தி யாரையும் ஏமாற்றாது. மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கும் வில்லையில் பொருத்திய அளவுகோலில் 60 கோடு, அதாவது 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), உடம்பெல்லாம் முள். வாகையில் 16 மணிகள் ஒட்டிக்கொண்டு ஒரே பொட்டலமாக இருக்கும். எருக்கில் தூளே கிடையாது, ஜோடிப் பைகள்தான். அருகம்புல்லும் நெல்லும் வழவழப்பான உருண்டை, ஒரே ஒரு துளை; என்னால் பிரிக்க முடியவில்லை, இரண்டுக்கும் 'புல்' என்றே எழுதி வைத்துவிட்டேன்.

தலைவலி கொடுத்தது வேம்பு. வழவழப்பான, நான்கு பள்ளம் உள்ள மணிகளுக்கு நடுவே முள் உருண்டைகள் ஐந்தாறு. ஊசியைக் கழுவாமல் செம்பருத்தியை ஒட்டவைத்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். அளந்தால் 13 கோடு, 33 மைக்ரான்கூட இல்லை. செம்பருத்தி இல்லை. மரத்தடியில் போய்ப் பார்த்தால் வெட்டுக்காயப் பூண்டு பாய் விரித்த மாதிரி பூத்துக் கிடக்கிறது. அதன் ஸ்லைடு போட்டேன், அதே உருண்டை. அங்கே உட்கார்ந்த தேனீ வேப்பம்பூவில் வந்து உதறிவிட்டுப் போயிருக்கிறது, அநேகமாக என் பெட்டித் தேனீயேதான்!

அன்றிலிருந்து விரிந்த பூவைத் தொடுவதில்லை. மறுநாள் விரியப்போகும் மொட்டைப் பறித்து, மூடிய டப்பாவில் வைத்து விரியவிடுகிறேன். பழைய 19 ஸ்லைடுகளை மறுபடி போட வேண்டியதாயிற்று. கிளிசரினில் மணிகள் நாளாக ஆக ஊதுகின்றன என்பதால் அளந்த தேதியையும் லேபிளில் எழுதுகிறேன்.

தேனில் அதிகமாக இருந்த மணி மட்டும் இன்னும் எதோடும் பொருந்தவில்லை. பக்கத்துத் தெருப் புங்கமரம் இந்த வாரம் மொட்டு விட்டிருக்கிறது.