ஞாயிறு இரவு 8 மணி

முனைவர் பட்டம் முடித்து ஒப்பந்த வேலையில் இருக்கும் நாங்கள் நான்கு பேர், ஞாயிறுதோறும் இரவு 8 மணிக்கு வீடியோ அழைப்பில் கூடுகிறோம். நால்வருமே அவரவர் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள்.

போன வாரம் தோழி ஒருத்தி தன் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளரிடமிருந்து வந்த கருத்தை வாசித்தாள். "சொந்தச் சமூகத்தைப் பற்றி எழுதுவதால் நடுநிலை இல்லை" என்ற வரி வந்ததும் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வசதியான இடத்திலிருந்து வருகிறவர்களிடம் இதை யார் கேட்கிறார்கள்? சரி, பதிலைச் சேர்ந்தே எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். முடிக்க 11 மணி ஆகிவிட்டது.

'நான் இங்கே இருக்கத் தகுதியானவள்தானா' என்ற உறுத்தலுக்கு 1978-லேயே கிளான்ஸ், ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 'இம்போஸ்டர்' (தகுதியில்லாத போலி ஆள்) உணர்வு என்று பெயர் வைத்தார்கள். அது மனசுக்குள் தானாக முளைப்பது மட்டுமல்ல, இப்படிப்பட்ட வரிகளும்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகின்றன.

நேற்று கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டாள். இந்த ஞாயிறு என் வேலை விண்ணப்பத்தைப் பார்க்கிறோம்.