காலியாக விட்ட கடைசிப் பக்கங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு வினா உண்டு. மதிப்பெண் 5. மரமோ, உழவரோ, மழையோ ஒரு படம் இருக்கும். பார்த்ததும் தோன்றுவதை மாணவர் சொந்தமாக எழுத வேண்டும். வினாவை வைத்தவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் எந்தப் படம் வந்தாலும் ஒட்டிக்கொள்கிற ஒரு கவிதையை மாணவர்களில் பலர் முன்கூட்டியே உருப்போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் இயற்கை வரும், அன்னை வருவாள், கடைசி அடி ‘வாழ்க’ என்று முடியும். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் தாளுக்குத் தாள் அதே கவிதை. கற்பனைக்கென்று ஒதுக்கிய மதிப்பெண்ணும் மனப்பாடக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. சொந்த வாக்கியம் எழுதினால் பிழை வரும், பிழை வந்தால் சிவப்பு மை வரும். நோட்ஸில் இருக்கும் வாக்கியத்துக்கு அந்த ஆபத்து கிடையாது. இதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கோவில்பட்டிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு மாறுதலாகி வந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பில் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினோம். முதல் இதழுக்கு வந்த கட்டுரைகளை இன்றும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முன்னுரை இருந்தது, உட்தலைப்புகள் இருந்தன, முடிவுரை இருந்தது. தண்ணீரைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் ‘நீரின்றி அமையாது உலகு’ என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். ஒருவன் தன் ஊரில் சலசலவென்று ஓடும் ஓடையை வருணித்திருந்தான். அது கரிசல் காடு. பெருமழை பெய்தால் ஒழிய அங்கே எதுவும் சலசலப்பதில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவருகிற பையன் அவன். அந்த வரிசையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அதெல்லாம் எழுதுகிற விஷயம் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

பக்கத்தில் இருக்கும் இடைசெவலிலிருந்து இரண்டு எழுத்தாளர்கள் வந்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கு. அழகிரிசாமிக்கு 1970இல், அவர் காலமான பிறகு, சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, கி. ராஜநாராயணனுக்கு 1991இல். ஒரு சின்ன ஊருக்கு இரண்டு விருதுகள். வகுப்பு மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அதோடு சரி. பெரியவர்களின் பெருமையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு எழுத வந்துவிடும் என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குள் இருக்கும் பழைய நம்பிக்கை. ஆண்டு விழா மேடைக்கு அது பொருந்தும்.

வேலை செய்தது வேறொன்று. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். கரிசல் பூமியின் தொழில்கள் எதுவும் எனக்குத் தெரியாது. “உங்கள் வீட்டில் நடக்கும் வேலை ஒன்றை எனக்குப் புரியும்படி எழுதுங்கள். நான் அதைப் பார்த்ததே இல்லை” என்று கேட்டேன். தமிழ் ஐயாவுக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியும் என்றதும் வகுப்பின் தோரணையே மாறிவிட்டது. “கிடை போடுவதுகூடவா ஐயாவுக்குத் தெரியாது?” என்று ஒருவன் பரிதாபப்பட்டான். நிலத்துக்கு உரமாகட்டும் என்று இரவில் ஆடுகளைக் காட்டில் அடைத்து வைப்பதை அவன் எழுதினான். பல வீட்டு ஆடுகள் கலந்து நிற்கையில் தன்னுடையதைக் காதில் போட்ட வெட்டை வைத்துக் கண்டுபிடிப்பதையும் சேர்த்திருந்தான். அதில் முன்னுரை இல்லை. எழுத நேரமில்லாமல் போயிருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் ஒற்றைப் பத்தி எழுதித் தந்தாள். அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், பெட்டிக்குள் குச்சி அடைப்பவர். 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது நினைவிருக்கலாம். பெட்டிக்கு 36 குச்சி என்றிருந்தது அப்போது 50 ஆனது. கடைக்காரருக்கு அது விலை மாற்றம். இந்தப் பெண் எழுதியிருந்தது இது: “அம்மா குச்சியை எண்ண மாட்டாள். ஒரு பிடி அள்ளினால் சரியாக 36 வரும். பெட்டி மாறிய பிறகு கைக்கு அளவு தெரியவில்லை. அள்ளி, பார்த்து, கொஞ்சம் கொட்டி, மறுபடி அள்ளினாள். வீட்டில் அரிசி அள்ளும்போதும் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.”

இதைப் படித்துவிட்டு நான் பாராட்டவில்லை, கேள்விதான் கேட்டேன். எந்தக் கையால் அள்ளுவார்? பெட்டி எந்தக் கையில் இருக்கும்? கை பழகுகிற வரை கூலி குறைந்ததா? சிலவற்றுக்கு உடனே பதில் சொன்னாள், சிலவற்றை வீட்டில் கேட்டு வந்தாள். பத்தி இரண்டு பக்கமானது. ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘அப்புறம்?’ என்று கேட்டால்தான் நாம் நிஜமாகவே படித்தோம் என்று நம்புகிறார்கள்.

பிழை திருத்தவே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. றகரமும் ரகரமும் இடம் மாறினால் எனக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடிக்கும் வரை சிவப்புப் பேனா சட்டைப் பையிலேயே இருக்கட்டும். படி எடுக்கும் நாளில் நாங்கள் சேர்ந்து திருத்திக்கொள்வோம். அப்போது அவர்களே ‘ஐயா, இதற்கு எந்த ழ?’ என்று கேட்டு வருவார்கள், தங்கள் பெயர் கீழே வரப்போகிறதே.

பள்ளிக் கல்வித் துறை 2022இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ‘தேன்சிட்டு’ இதழைத் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அச்சில் பெயர் வருவது பெரிய விஷயம். ஆனாலும் ஒற்றைப் பிரதியாக நூலக மேசையில் கிடக்கும் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு வசதி உண்டு. படித்தவர்கள் கருத்து எழுதுவதற்காகக் கடைசிச் சில பக்கங்களை அதில் காலியாக விடுவது பழைய வழக்கம். வாசகர் யார் என்பது தெரியும். இடைவேளையில் எதிரிலேயே நிற்பார்.

தீப்பெட்டிக் கட்டுரை வந்த இதழின் அந்தப் பக்கங்களில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: “பெட்டி வாங்கி எண்ணினேன். 47தான் இருந்தது. கட்டுரையில் தகவல் பிழை.”

பிள்ளை துவண்டுவிடுவாளோ என்று பார்த்தேன். அவளோ அன்று மாலை நான்கைந்து பெட்டிகளைக் கொட்டி எண்ணியிருக்கிறாள், அம்மாவிடமும் விசாரித்திருக்கிறாள். மறுநாள் என்னிடம் கேட்காமலேயே, அவனுடைய குறிப்புக்கு நேர் கீழே பதில் எழுதினாள்:

“நானும் எண்ணினேன். 48, 51, 50, 49. அண்ணன் எண்ணியது சரி. நான் எழுதியதும் சரி. ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டால் அம்மாவுக்குக் கூலி கட்டாது.”

அதற்குக் கீழே அவன் கையெழுத்து மட்டும் போட்டிருந்தான்.