இணையவழி வகுப்பை மதிப்பிட்ட கதை

எங்கள் கல்லூரியில் மாணவர் கருத்துப் படிவம் என்று ஒன்று உண்டு. செமஸ்டர் முடியும்போது ஒவ்வொரு ஆசிரியருக்கும் மாணவர்கள் ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். "ஆசிரியர் குறித்த நேரத்தில் வகுப்பறைக்கு வருகிறாரா?", "கரும்பலகையைத் தெளிவாகப் பயன்படுத்துகிறாரா?" என்ற ரீதியில் கேள்விகள் போகும். மழை விடுமுறை நாட்களின் பாடங்களும் மாலை நேரச் சான்றிதழ் வகுப்புகளும் கூகுள் மீட்டுக்கும் மூடுல் என்ற இணையப் பாடத் தளத்துக்கும் போன பிறகும் அதே படிவம்தான். கரும்பலகையே இல்லாத வகுப்புக்குக் கரும்பலகை மதிப்பெண்! முடிவும் அதற்கேற்றபடியே வந்தது. ஓய்வு பெறப்போகும் பேராசிரியர் முதல் நேற்றுச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர் வரை எல்லாரும் நாலரையைச் சுற்றியே நின்றார்கள். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வந்தால் காட்ட வண்ண வரைபடம் ஆயிற்று. யாருடைய பாடமும் அதனால் மேம்பட்டதாகத் தெரியவில்லை.

கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் அகத்தர உறுதி மையத்தின் கூட்டத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். "அப்படியானால் இணைய வகுப்புக்கு ஒரு மதிப்பீட்டு முறையை நீங்களே தயாரித்துக் கொண்டுவாருங்கள்" என்று வேலை என் தலையில் விழுந்தது. நான் வணிகவியல் ஆசிரியன். தணிக்கை தெரியும், கற்பித்தலைத் தணிக்கை செய்வது எப்படி என்று படிக்க வேண்டியிருந்தது.

படித்ததில் முதலில் கிடைத்தது, மாணவர் மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் இணையவழிப் பாடம் ஒன்றில் ஆணும் பெண்ணுமாக இரண்டு உதவி ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தம் பெயரிலும் இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். முகம் தெரியாத வகுப்பு என்பதால் மாணவர்களுக்கு விஷயம் தெரியாது. விடைத்தாள்கள் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில்தான் திரும்பின. ஆனாலும் "தாமதமின்றித் தருகிறார்" என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. 2015இல் வெளியான இந்த ஆய்வு 43 மாணவர்களை மட்டும் வைத்துச் செய்தது, சிறியதுதான். என்றாலும் எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அந்த எண்களைக் கூட்டத்தில் வாசித்தபோது அறையின் ஒரு பக்கம் தலையாட்டியது, மறுபக்கம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாணவரிடம் கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும். "ஆசிரியருக்குப் பாட அறிவு உண்டா?" என்று முதலாண்டு மாணவரைக் கேட்பதில் பொருள் இல்லை. குரல் விட்டுவிட்டு வருகிறதா, ஒப்படைத்த பயிற்சியில் எங்கே தவறு என்று எழுதித் தந்தார்களா, அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறதா என்று கேட்டால் அவரைப் போலத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. அப்படிச் சில கேள்விகளும், மனதில் பட்டதை எழுத ஒரு பெட்டியும் வைத்தோம். செமஸ்டர் முடிந்து கேட்டால் அந்த மாணவருக்கு ஒரு பயனும் இல்லை என்பதால் நடுவிலேயே கேட்டோம். குமரி மாவட்டத்தின் மலையோரத்தில், பேச்சிப்பாறைப் பக்கத்து மாணவி ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டில் வீடியோ நிற்கும். குரல் மட்டும் போதும். கணக்கை எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்." பழைய படிவத்தில் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் இப்படி ஒரு வரி வந்திருக்காது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. டேட்டா இருந்தும் மலையோர வீடுகளில் சிக்னல் இல்லை என்பதை அன்று நாங்கள் யாரும் முறையாகக் கேட்டுப் பதிவு செய்யவில்லை.

அடுத்தது சக ஆசிரியர் மதிப்பீடு. சிக்கல் முழுவதும் இங்கேதான். இதில் இரண்டு வேலைகள் கலந்துகிடப்பது மெல்லத்தான் பிடிபட்டது. மூடுல் பக்கத்தில் பாடத்தை எப்படிக் கட்டி வைத்திருக்கிறோம் என்பது ஒன்று. அங்கே மாணவரோடு எப்படி உறவாடுகிறோம் என்பது மற்றொன்று. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் 'குவாலிட்டி மேட்டர்ஸ்' அளவுகோலில் எட்டுப் பொதுத் தலைப்புகள் இருக்கின்றன. மூன்று சக ஆசிரியர்கள் பார்த்து 85 சதவீதம் தேறினால்தான் சான்று. ஆனால் அது பாடத்தின் வடிவமைப்பை மட்டுமே பார்க்கிறது, ஆசிரியரை அல்ல. மற்றதற்குக் கனடாவில் 2000ஆம் ஆண்டு கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் முன்வைத்த சட்டகம் உதவியது. இணைய வகுப்பில் ஆசிரியர் 'இருக்கிறார்' என்று மாணவர் உணர்கிறாரா, மாணவர்கள் ஒருவரையொருவர் மனிதர்களாக உணர்கிறார்களா, சிந்தனை நடக்கிறதா என்று அது மூன்றாகப் பிரிக்கிறது. அதையொட்டிப் பின்னால் வந்த 34 கேள்விகளை அப்படியே எடுத்தால் எங்கள் ஆட்கள் ஓடிவிடுவார்கள். இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி ஒரே பக்கத்தில் அடக்கினேன்.

அந்த ஒரு பக்கத்துக்கே எதிர்ப்பு கிளம்பியது. மூத்த சகா ஒருவர் ஸ்டாஃப் ரூமில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, இது முதல்வர் மேசைக்குப் போகுமா?" என்று கேட்டார்.

"போகாது சார்."

"பதவி உயர்வுக் கோப்புக்கு?"

"அதற்கும் போகாது."

"எழுதிக் கொடு."

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. மேம்படுத்த உதவும் மதிப்பீடு, தீர்ப்புச் சொல்லும் மதிப்பீடு என்று மதிப்பீட்டியல் அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன் 1967இலேயே பிரித்துப் பெயர் வைத்துவிட்டார். நம் கல்லூரிகளில் இரண்டும் ஒரே கோப்பில்தான் சேரும். சேர்ந்தால் யார் தன் பலவீனத்தைத் திறந்து காட்டுவார்? உதவி செய்யப் போகிறவனையும் வேவு பார்ப்பவனாகத்தான் எண்ணுவார்கள். முதல்வரிடம் பேசி, மதிப்பீட்டுக் குறிப்பு சம்பந்தப்பட்ட இருவரிடம் மட்டுமே இருக்கும், மையத்துக்கு யார் யாரைப் பார்த்தார்கள் என்ற பட்டியலும் பொதுவாகத் தேவைப்படும் பயிற்சிகளும் மட்டுமே போகும் என்று சுற்றறிக்கை வாங்கினேன். இந்தக் கையெழுத்துக்காக அலைந்த அலைச்சல் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். கையெழுத்து வந்த பிறகு முதலில் பெயர் கொடுத்தவர் அந்த மூத்த சகாதான்.

துறை மாற்றியே ஜோடி போட்டோம். சொந்தத் துறைக்காரர் பார்த்தால் பாடப்பொருளில் தவறு தேடத் தொடங்கிவிடுவார். எனக்கு வாய்த்தவர் தாவரவியல் ஆசிரியை. முதலில் இருவரும் உட்கார்ந்து, எதைப் பார்க்க வேண்டும் என்று அவரையே சொல்லச் சொன்னேன். "நான் கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை சார். ஏன் என்று பாருங்கள்" என்றார்.

அவருடைய வகுப்புப் பதிவைக் கையில் கடிகாரத்தோடு பார்த்தேன். ரப்பர் மரம் பற்றிய பாடம். "பால் மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது?" என்று கேட்கிறார். ஒரு விநாடி, இரண்டு விநாடி. "சரி, நானே சொல்கிறேன், பட்டையிலுள்ள புளோயம் பகுதியில் பால்குழாய்கள் இருக்கின்றன" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகுதான் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி வந்து விழுகிறது: "பட்டையிலிருந்து மேடம். ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுவிடும்." கடையாலுமூட்டுப் பக்கத்துப் பையன், அப்பா பால்வெட்டுத் தொழிலாளி என்று பிறகு தெரிந்தது. பட்டைக்கு உள்ளே இருக்கும் கேம்பியம் காயப்பட்டால் புதுப்பட்டை சரியாக வளராது என்பது அன்றைய பாடத்தின் அடுத்த பகுதி. அதை அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். வரியை யாரும் வாசிக்கவில்லை.

வகுப்பறையில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிக்கு மேல் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே விடைகள் நீளமாகவும் நன்றாகவும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அது நேரில் நடக்கும் வகுப்புக் கணக்கு. இணையத்தில் குரல் போய்ச் சேரவும், தட்டச்சு செய்யவும், திரும்பி வரவும் இன்னும் அதிகம் வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கில எழுத்தில் தட்டுகிற பிள்ளைக்கு அதற்கும் மேலே. பதிவை இருவரும் சேர்ந்து பார்த்தோம். அந்த இடம் வந்ததும் ஆசிரியை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மீண்டும் பார்த்தார். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. இப்போது அவர் கேள்வியைத் திரையில் எழுதிவிட்டுத் தம் ஒலிவாங்கியை அணைத்துவிடுகிறார். பத்துப் பேராவது எழுதும்வரை திறப்பதில்லை.

மூடுலின் வருகைப் பதிவேட்டை நம்பி முடிவு கட்டக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பாடக்குறிப்பை நாலைந்து பேர்தான் திறந்ததாக அது காட்டும். ஒருவர் இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட, வகுப்பே படித்திருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்து ஓர் ஆசிரியரைக் குறைத்துச் சொல்வது அநியாயம்.

எல்லா ஜோடிகளிடமிருந்தும் வந்த பயிற்சித் தேவைகளைத் தொகுத்தபோது மென்பொருள் பயிற்சி கேட்டவர்கள் குறைவு. பலரும் கேட்டது கேள்வி அமைப்பது, எழுத்தில் பின்னூட்டம் தருவது, நீண்ட பதிவைத் துண்டு போடுவது ஆகியவற்றைத்தான். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் வீடியோ பார்த்தவர்களை வைத்து 2014இல் வந்த ஆய்வு, வீடியோவில் கவனம் ஏறத்தாழ ஆறு நிமிடத்தோடு தீர்ந்துவிடுகிறது என்றது. எங்களில் சிலர் ஐம்பது நிமிடப் பாடத்தை ஒரே மூச்சில் பதிவு செய்து ஏற்றியிருந்தோம். ஆகவே அந்த ஆண்டின் ஆசிரியர் மேம்பாட்டு நிகழ்ச்சிக்கு வழக்கமான ஊக்கப் பேச்சாளரை வெளியூரிலிருந்து அழைக்கவில்லை. அவரவர் வீடியோவையும் கேள்வித்தாளையும் கொண்டுவந்து அங்கேயே வெட்டித் திருத்தினோம். பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம் எதுவும் இல்லாததால் ஆண்டறிக்கை எழுதுபவருக்கு மட்டும் வருத்தம்.

இன்னும் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. சக ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கும் நேரம் பணிச்சுமைக் கணக்கில் சேரவில்லை. சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் ஏற்கெனவே அதிக வகுப்பு எடுக்கிறார்கள். அவர்களிடம் இதையும் சும்மா செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.