அத்தானின் மண் பை

அத்தான் கனடாவின் எட்மண்டனிலிருந்து வந்து இறங்கிய அன்று, பெட்டிக்குள் சொக்லேட்டுகளுக்கு அடியில் ஒரு வெறும் முதுகுப்பை மடித்துக் கிடந்தது. உள்ளே சட்டம் வைத்துத் தைத்தது. இடுப்பில் இறுக்கிக் கட்டக் கையகலப் பட்டை. "இது எதற்கு?" என்று அம்மா கேட்டார். "மண் நிரப்புவதற்கு, மாமி" என்றார் அத்தான். திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையோடு குடியிருக்கும் எங்களிடம் மண்ணுக்கு என்ன பஞ்சம்? அடுத்த நாள் விடிய முன்னரே உரப்பை ஒன்றில் 20 கிலோ மண்ணை நிறுத்து, வாயைக் கட்டி, அந்தப் பைக்குள் இறக்கி முதுகில் மாட்டிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டார்.

கோயில் இருக்கும் கோட்டையின் வாசலில் நின்ற சிப்பாய், பைக்குள் என்ன என்று கேட்டிருக்கிறான். மண் என்றிருக்கிறார். ஏன் மண் என்று அவன் கேட்டதற்கு, இருபது வருடமாகப் பேசாத சிங்களத்தில் இவர் என்ன விளக்கம் கொடுத்தாரோ தெரியாது. அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விட்டானாம். இரண்டாம் வாரம் அதே சிப்பாய் இவரைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வழிவிடத் தொடங்கிவிட்டான்.

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். 44 வயது. 40 குதிரைவலு எஞ்சினைப் படகின் பின்பலகையிலிருந்து கழற்றி, இன்னொருவருடன் சேர்ந்து கராஜ் வரை சுமந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அதற்கு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு ஸ்டூலும் தொப்பையும் மிச்சம்.

அத்தானுக்கு 51. அங்கே லொறி ஓட்டுகிறார். வேலைத்தள நண்பர் ஒருவர் இழுத்துப்போய்ப் பழக்கியதில் பதினொரு வருடமாக வில் வேட்டைக்காரர். இதை ஊரில் சொல்லும்போது அக்கா குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நம் நாட்டில் வேட்டை என்றால் பொலிசும் வழக்கும்தான். 1937இல் வந்த வனவிலங்குக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே அது உரிமம் வாங்கி, இந்தப் பகுதியில் இந்த விலங்கை இந்த நாட்களுக்குள் என்று எழுதி வைத்ததன்படி செய்யும் காரியம். கொண்டுவரும் இறைச்சியை அக்கா மிளகும் பெருஞ்சீரகமும் போட்டு ஆட்டுக்கறி போலச் சமைத்துவிடுகிறாள்.

அவர் தேடிப் போவது எல்க் என்ற பெரிய மான். ஆண் விலங்கு 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அம்பு விடுவது நொடி வேலை. வாகனம் போகாத மலைச்சரிவில் அதை அந்த இடத்திலேயே துண்டு போட்டு, ஒரு நடைக்கு 30, 35 கிலோ என்று முதுகில் ஏற்றி, நாலைந்து நடை இறக்கிக்கொண்டு வருவதுதான் வேலை. மூன்று வருடத்துக்கு முன் இரண்டாம் நடையில் இவருடைய முழங்கால் கையை விரித்துவிட்டது. ஏறும்போது அல்ல, இறங்கும்போது. மிச்சத்தை நண்பர்கள்தான் சுமந்தார்கள். அந்த வெட்கத்தில்தான் வேட்டைக்காரர்களுக்கென்று நடத்தப்படும் கூட்டுப் பயிற்சியில் போய்ச் சேர்ந்திருக்கிறார். மண்மூட்டை சுமப்பது, சுமையோடு பெட்டியில் ஏறி இறங்குவது, கயிறு கட்டிப் பாரம் இழுப்பது, இடையில் ஓட்டம், குந்திப் படுத்து எழும்பிக் குதிக்கும் பர்பி. எல்லாம் மணிக்கூட்டை வைத்து, மூச்சு முட்ட முட்ட.

வருடத்தில் பதினொரு மாதம் லொறி ஆசனத்தில் இருந்துவிட்டு ஒரே கிழமையில் மலை ஏறுகிறவனுக்கு இப்படி ஏதாவது வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வாடைக்காற்றுக் காலம் முழுக்க ஏற்றி வைத்திருந்த எஞ்சினைப் பங்குனியில் இறக்கியவுடன் முழு வேகத்தில் முறுக்கினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன்.

ஒரு பின்னேரம் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். கோட்டைக்குப் போகிற பாதையில் நம்முடைய புள்ளிமான்கள் வழக்கம்போல நின்றன. திருகோணமலைக்காரருக்கு அவை மாடு மாதிரி. ஹோர்ன் அடித்தால் விலகும், விலகாமலும் இருக்கும். கொம்பு வைத்த கிடா ஒன்று குப்பைக்குள் தலையை விட்டுச் சோற்றுப் பார்சல் தாளை இழுத்துக்கொண்டிருந்தது. அத்தான் இறங்கி அப்படியே நின்றுவிட்டார். அவர் மணிக்கட்டில் நாடித்துடிப்புக் காட்டும் மணிக்கூடு. முதலில் 78. பிறகு 90. கிடா தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தபோது 109. மனிதர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. "பத்துப் பன்னிரண்டு அடி" என்றார் மெதுவாக. "அங்கே இந்தத் தூரத்தில் ஒன்றைக் காண மூன்று நாள் நடக்க வேண்டும், மச்சான்." கிடா தாளை விழுங்கிவிட்டு ஓட்டோ நிற்குமிடத்துக்குப் போய்விட்டது.

மிச்சிகன் மாநிலத்தில் நடுத்தர வயது வேட்டைக்காரர்கள் 25 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி பொருத்தி நடத்திய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. அதே ஆட்களை ஓட்டப் பொறியில் ஏற்றியும் சோதித்திருக்கிறார்கள். பலருக்குப் பொறியில் எட்டிய உச்சத்தையும் தாண்டிய துடிப்பு காட்டில் பதிவாகியிருந்தது. விலங்கைக் கண்ட மாத்திரத்தில் ஏறுகிற துடிப்பு, அதன் மேல் குளிர், சரிவு, இழுவை. நெஞ்சுக்கு முன்கூட்டியே இந்த ஏற்ற இறக்கத்தைப் பழக்க வேண்டும் என்பது அத்தானின் கட்சி. அதற்கு இங்கே ஆள் தேடினார். கிடைத்தது உப்புவெளிக் கடற்கரைக் கூட்டம்.

காலை 5.30. ஹோட்டல்களில் வேலை செய்யும் பையன்கள், வங்கியில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் என்று எல்லாமாகப் பதினொரு பேர். பயிற்றுநர் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞன். கவிழ்த்து வைத்த படகில் ஒரு வெள்ளைப் பலகையைச் சாய்த்து வைத்திருப்பான். அதில் பெயர், பெயருக்கு எதிரே நேரம். அத்தான் என்னையும் இழுத்துப் போனார். "நீர் ஸ்டூலில் இருந்தே செத்துப்போவீர், வாரும்" என்றார்.

பலன் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முதல் நாள் நான்கு நிமிட டபாட்டாவிலேயே கடலைப் பார்த்துக் குந்திவிட்டேன். 20 வினாடி முழு மூச்சு, 10 வினாடி ஓய்வு, எட்டுச் சுற்று. இதை 1996இல் இசுமி டபாட்டா என்ற ஜப்பானியர் சோதித்துப் பார்த்தது நன்றாகப் பழகிய விளையாட்டு மாணவர்களைச் சைக்கிளில் ஏற்றி. எஞ்சின் திருத்துகிறவனை மணலில் குதிக்க வைத்து அல்ல. ஆனாலும் ஐந்தாம் கிழமை எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பையனுடன் சேர்ந்து தூக்கியபோது எனக்கு வாயால் மூச்சு வரவில்லை. பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

அத்தானின் முன்னேற்றத்தைப் பார்க்க நாங்கள் கண்டுபிடித்த வழி வேறு. இங்கே வில் இல்லை. மண் பையோடு கோயில் படி ஏறி இறங்கி, மிச்சத் தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்து வந்து, பையை இறக்காமலே என் மேசையில் கிடக்கும் காபரேட்டர் ஜெட்டின் (எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து விடும் சிறு துண்டு) துவாரத்துக்குள் மெல்லிய கம்பியைச் செருக வேண்டும். பெருமூச்சோடு கை ஆடும்போது அந்தத் துவாரம் ஊசிக் காதிலும் சிறிது. முதல் கிழமை ஏழாவது முயற்சியில் போனது. மூன்றாம் கிழமை மூச்சை ஒருமுறை முழுதாக விட்டு, அது நிற்கிற அந்தக் கணத்தில், முதல் தரமே செருகிவிட்டார். அம்பை விடுவதும் அந்த இடத்தில்தான் என்றார்.

இனி அந்தப் பலகையின் கதை. இத்தகைய பயிற்சிகளைப் பற்றி வந்த ஆய்வுகள் பலவும் 1000 மணி நேரப் பயிற்சிக்கு 2 முதல் 4 வரை காயங்கள் என்றுதான் சொல்கின்றன. தோளும் கீழ்முதுகும் முழங்காலும் முன்னணியில். பயப்படுகிற கணக்கு இல்லை. ஆனால் கணக்கு சராசரி ஆளுக்கு. பலகையில் தன் பெயருக்கு மேலே இன்னொரு பெயரைக் காண்கிறவன் அந்த நேரத்தில் சராசரி ஆள் இல்லை. கூட்டமாகச் சேர்வதால்தான் விடிய எழும்பிப் போகிறோம். அதே கூட்டம் பார்ப்பதால்தான் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் விடுகிறோம். நானும் யோக்கியன் இல்லை. வங்கித் தங்கச்சி என்னை எட்டு வினாடியால் முந்திய அன்று, மண்மூட்டையை முதுகு வளைத்து வெடுக்கென்று தூக்கி, இரண்டு நாள் பக்கவாட்டில் உருண்டுதான் பாயை விட்டு எழும்பினேன். இருபது வருடம் எஞ்சின் தூக்கியவன்!

பயந்தது அந்த ஹோட்டல் பையனுக்காக. 23 வயது, வந்து நான்கே நாள். ஒரு ஞாயிறு, ஒரு மைல் ஓட்டம், 100 புல்அப் (கம்பியில் தொங்கி எழும்புவது), 200 தண்டால், 300 குந்தி எழும்புதல், மறுபடி ஒரு மைல் என்ற பயிற்சி. ஆப்கானிஸ்தானில் 2005இல் இறந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் பெயரில் இருப்பது. புதியவர்கள் பாதி செய்தால் போதும் என்று பயிற்றுநன் சொன்னான். ஒருமுறைதான் சொன்னான், அதையும் பாட்டுச் சத்தத்துக்கு மேலால் சொன்னான். பையன் முழுவதும் செய்தான். கைதட்டினோம். நானும் தட்டினேன். கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடி மாதம், ஒரு போத்தல் தண்ணீர்கூட முடிக்கவில்லை அவன்.

செவ்வாய்க்கிழமை கராஜுக்கு வந்து கையைக் காட்டினான். முழங்கை நிமிரவில்லை. மேற்கை பாண் மாதிரி ஊதியிருந்தது. வலி இருக்கட்டும், சிறுநீர் என்ன நிறம் என்று அத்தான் கேட்டார். பையன் வெட்கப்பட்டான். பிறகு, மேசையில் இருந்த பால் இல்லாத தேத்தண்ணீரைக் காட்டி, "இப்படி" என்றான். அத்தான் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஓட்டோவை மறித்தார். தசை சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொள்ளும் நிலை அது. ராப்டோமயோலைசிஸ் என்று பெயர். அவருடைய பயிற்சிக் கூடத்தில் இதற்கென்றே ஒரு தாள் ஒட்டியிருக்கிறதாம். நாலு நாள் சேலைன் ஏறியது. பையன் தப்பிவிட்டான். சிறுநீரகம் கெடவில்லை. பலகை அடுத்த கிழமையும் அந்தப் படகில்தான் சாய்ந்திருந்தது.

இவ்வளவையும் அறிந்த அத்தான் என்ன செய்தார்? புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது, கரைவலைப் பையன் ஒருவனோடு புல்அப்பில் ஏட்டிக்குப் போட்டி. உடம்பை ஊஞ்சல் மாதிரி வீசி வீசி எழும்பும் வகை. அதில் எண்ணிக்கை கூடும், ஆனால் தொங்கி இறங்கும் வேகம் முழுவதும் தோள்மூட்டில் போய் விழும். 31ஆவதில் வலது தோளுக்குள் ஏதோ நழுவியது போல இருந்தது என்றார். இறங்கி வந்து, பலகையில் 31 எழுதப்படும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தார். அம்மா நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடுத்தார். "உங்களுக்கு அங்கே மான் இறைச்சி கடையில் விற்காதா, மருமகன்?" என்று அந்த நேரம் பார்த்துக் கேட்டார்.

அவருடைய வில்லை இழுக்க 65 பவுண்டு, ஏறத்தாழ 29 கிலோ விசை வேண்டும். இழுப்பது வலது கை. வில்லுக்கான காலம் செப்டம்பர்.

ஒக்டோபர் நடுவில் தொலைபேசியில் பேசினார். அம்பு விடவே இல்லை. பிசியோதெரபி அம்மையார் ரப்பர் பட்டி ஒன்றைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு வில்லைத் தொடக் கூடாது என்றிருக்கிறார். நண்பர்களோடு மலைக்கு மட்டும் போயிருக்கிறார்; அவர்கள் வீழ்த்தியதில் மூன்று நடை சுமந்திருக்கிறார். "முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை, மச்சான்" என்று அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். தோளைப் பற்றி நான் கேட்கவில்லை.

நான் இப்போதும் திங்களும் வியாழனும் போகிறேன். பலகையில் என் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பயிற்றுநனுக்கு அது பிடிக்கவில்லை. அத்தான் போகும்போது பையை வெறுமையாக்கி மடித்து எடுத்துக்கொண்டார். அந்த 20 கிலோ மண் கராஜ் மூலையில் இருக்கிறது. எண்ணெய் சிந்தும்போது ஒரு சிரட்டை அள்ளிப் போடுகிறோம். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.