ஜிபியில் சண்டை போட்டு எஸ் வாங்கிய கதை

போன வாரம் சிங்கப்பூரில் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடிவு வந்தது. ஜிபியில், அதாவது ஆங்கிலத்தில் எழுதும் ஜெனரல் பேப்பர் பாடத்தில், பி. அதற்கு முன் பள்ளி வைத்த பிரிலிம்ஸ் என்ற ஒத்திகைத் தேர்வில் எஸ் (பாஸுக்கும் கீழே) வாங்கியவனுக்கு இதுவே பெரிது. அம்மாவுக்கு ஏ வராத வருத்தம். எனக்கும்தான், கொஞ்சம்.

பேப்பர் எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஜிபி எழுதுகிறவர்களுக்கே தெரியும். என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு சொல்: கிரிட்டிகல். எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு கம்மி என்றால் போதும், "எப்பப் பாரு கிரிட்டிசைஸ் பண்ணிக்கிட்டு" என்பார்கள். அந்த அர்த்தத்தோடுதான் நான் தேர்வுக்கும் போனேன். கிரிட்டிகலாக ஆராய் என்றால் கட்டுரையை எழுதியவரைப் போட்டுத் தாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

12 மதிப்பெண் ஏக்யூ, அதாவது கட்டுரை சொல்வது நம் ஊருக்கு எவ்வளவு பொருந்தும் என்று எழுதும் கேள்வி. நகரத்து மனிதருக்குப் பக்கத்து வீட்டுக்காரரையே தெரியாது என்று பிரிலிம்ஸில் படிக்கக் கொடுத்த கட்டுரையில் எழுதியிருந்தது. பாய்ந்துவிட்டேன். இங்கே ஏறக்குறைய 80 சதவீதம் பேர் எச்டிபி என்ற அரசு அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம், 1989 முதல் பிளாக்குக்குப் பிளாக் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்ற வரம்பு உண்டு, கீழே வாய்ட் டெக் என்ற திறந்த பொதுத்தளம் இருக்கிறது, ஆகவே அவர் சொல்வது தப்பு. அவ்வளவுதான் என் பதில். டீச்சர் சிவப்பு மையில் எழுதினார்: "நன்றாகச் சண்டை போட்டிருக்கிறாய். ஆராய்ந்தது எங்கே?"

கோபத்தில் அகராதியைத் திறந்தேன். கிரிட்டிக் என்ற சொல் கிரேக்க மொழியில் பிரித்தறிவது, தீர்ப்புச் சொல்வது என்ற பொருளில் பிறந்ததாம். இன்னும் பின்னால் போனால் சலிப்பது. அடுக்களையில் அம்மா தீபாவளி முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். மாவு கீழே இறங்கியது, கப்பி மேலே நின்றது. அந்தக் கப்பியையும் அவர் கொட்டவில்லை, மிக்ஸியில் போட்டு இன்னொரு ஓட்டு ஓட்டினார்.

அன்றிரவு அதே ஏக்யூவைத் திரும்ப எழுதினேன். முதலில் கட்டுரையாளர் சொன்னதில் உண்மை எது? இரண்டு கதவு தள்ளி இருக்கும் அங்கிள் பெயர் 11 வருடமாக எனக்குத் தெரியாது. லிஃப்டில் இருவரும் போனைத்தான் பார்ப்போம். சரி, எது இங்கே பொருந்தவில்லை? பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கு வருடா வருடம் எங்கள் முறுக்கு போகும், அவர் குவே பலகாரம் வரும். ஏன் அந்த வீட்டோடு மட்டும்? அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஜன்னலுக்கு நேரே. தாழ்வாரம் சேர்த்து வைக்கிறது, லிஃப்ட் சேர்த்து வைப்பதில்லை. ஆக, கட்டுரையாளர் சொல்வது எங்கள் பிளாக்கில் பாதிதான் செல்லும், அந்தப் பாதிக்கு மனசைவிடக் கட்டடம்தான் காரணம். டீச்சர் இந்த இடத்தில் இரண்டு டிக் போட்டார்.

கிரிட்டிகல் குடும்பத்துச் சொற்களை நான் ஞாபகம் வைத்த விதம்:

- ஸ்க்ரூட்டினைஸ்: லத்தீனில் கந்தல், உடைசல் என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஹார்ன் அடித்துக்கொண்டு பழைய சாமான் வாங்க வரும் காராங் கூனிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். குப்பைதானே என்று எதையும் பார்க்காமல் விடமாட்டார்.
- எக்ஸாமின்: தராசின் நா. இரண்டு தட்டிலும் ஏதாவது இருக்க வேண்டும்.
- அனலைஸ்: முடிச்சை அவிழ்ப்பது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.
- இவேலுவேட்: இங்கேதான் விலை சொல்ல வேண்டும். சொல்லாமல் நழுவினால் மார்க் போச்சு.
- நிட்பிக்: நிட் என்றால் ஈர். பிரிலிம்ஸில் நான் செய்தது இதுதான், ஈர் எடுத்தது.
- கிரிட்டிக் ஆள், கிரிட்டீக் அவர் எழுதுவது. ஸ்பெல்லிங் வேறு. நான் கடைசிவரை மாற்றித்தான் எழுதினேன்.

அப்புறம், மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். எனக்கு மனப்பாடம் வராது, அதனால் சொல்கிறேன். வருகிறவர்கள் செய்துகொள்ளுங்கள். சாங்கி ஏர்போர்ட்டில் போய்ப் படிப்பதும் எனக்குச் சரிப்படவில்லை, பாதி நேரம் சாப்பாட்டில் போனது. சம்மரிக்கு 8 மதிப்பெண்தான், அதில் உட்கார்ந்து ஏக்யூ நேரத்தைத் தின்னாதீர்கள்.

முடிவு வந்த அன்று லிஃப்டில் அந்த அங்கிள் இருந்தார். யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "ரிசல்ட்ஸ் ஓகே ஆ?" என்று அவரே கேட்டார். ஓகே அங்கிள் என்றேன். பெயர் கேட்க வாய் வரவில்லை, அதற்குள் எட்டாவது மாடி வந்துவிட்டது.